ஒன்ஸ் மோர் மாமா வாங்கிய மெமரி

என் அக்கா வீட்டுக்காரருக்கு எங்கள் கட்டடத்தில் ‘ஒன்ஸ் மோர் மாமா’ என்று பெயர். வைத்தது மாடிப்படியில் விளையாடும் பிள்ளைகள். அவர் வேலை செய்யும் பின்னறை ஜன்னல் படிக்கட்டைப் பார்த்து இருக்கிறது. ஜன்னலைச் சாத்தி, மெத்தையை வைத்து அடைத்தாலும் அவர் குரல் எப்படியோ கசிந்து வெளியே வந்துவிடும். “நல்லா இருக்கு, ஒன்ஸ் மோர்!” நன்றாக இருந்தால் எதற்கு இன்னொரு தடவை என்று நான் ஒருமுறை கேட்டேன். “நல்லா இருந்துச்சே, அதனாலதான்” என்றார். இந்த மனுஷனோடு எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறாய் என்று அக்காவைக் கேட்டால் சிரிப்பாள்.

விளம்பரமோ குறும்படமோ டிவி தொடரோ, யார் வந்து கேட்டாலும் மாமா இசை போட்டுக் கொடுப்பார். அதற்கான ஸ்டுடியோ என்பது அந்தப் பின்னறைதான். பாடுகிறவர் நிற்பதற்கு அக்காவின் துணி அலமாரியைக் காலி செய்து, கதவைக் கழற்றி, உள்ளே போர்வைகளைத் தொங்கவிட்டு மைக்கை நிறுத்தியிருக்கிறார். அன்றிலிருந்து அக்காவின் துணிமணிகள் கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டிகளில் குடியிருக்கின்றன. மாமா ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்தாலும் வலது கால் ஆடிக்கொண்டே இருக்கும். மேசையில் வைத்த டீ தளும்பித் தளும்பி, பாதி அவர் வாய்க்கும் பாதி மேசைக்கும் போகும். சாப்பிடும்போது பாதித் தட்டில் எழுந்து போய் எதையாவது மாற்றிவிட்டு வருவார். தூக்கத்திலும் விரலால் தட்டுவாராம். இது அக்கா சொன்னது.

அக்கா ட்ராக் பாடுகிறவள். அப்படி ஒரு பிழைப்பு இருப்பதே பலருக்குத் தெரியாது. பெரிய பாடகிக்குப் பாட்டைக் கற்றுக்கொடுக்க முதலில் ஒருத்தி பாடிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். பெரிய பாடகி அதைக் கேட்டு, அதே குழைவு, அதே இழுப்போடு பாடிவிட்டுப் போவார். பிறகு முதல் குரலை அழித்துவிடுவார்கள். அக்கா பாடிய பாட்டுகள் ஊரெல்லாம் ஒலித்திருக்கின்றன, ஆனால் அவள் குரலை எங்கள் கட்டடத்துப் படிக்கட்டைத் தவிர வேறு யாரும் கேட்டதில்லை. கல்யாணமான நாளிலிருந்து இதே கதை. அவள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவள் பேசாததற்கெல்லாம் சேர்த்து நான்தான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தத் தொடர் வந்தது. வாரநாள் சாயங்காலங்களில் வரப்போகிற டிவி தொடர். முகப்புப் பாட்டை மாமா மெட்டுப் போட்டு, வழக்கம்போல அக்காவைப் பாடவைத்து மாதிரிக்கு அனுப்பினார். டைரக்டர் கேட்டுவிட்டு, “இந்தக் குரலே இருக்கட்டும். வேற யாரும் வேண்டாம். ஆனா இசை இன்னும் பெரிசா வேணும்” என்று சொல்லிவிட்டார். அக்கா அன்றைக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னிடம் செய்தியைச் சொல்லிவிட்டுத் தொடர்ந்து நறுக்கினாள். தேவைக்கு மேல் நறுக்கிவிட்டாள் என்பது அப்புறம்தான் இருவருக்கும் தெரிந்தது. “இந்தத் தடவை அழிக்க மாட்டாங்களாம்டி” என்றாள்.

மாமாவுக்கோ ‘பெரிசா’ என்ற ஒரே வார்த்தைதான் காதில் விழுந்திருந்தது. கம்ப்யூட்டரில் போட்டு வாசிக்கவைக்கப் பதிவுசெய்து விற்கிற வயலின், செல்லோ, புல்லாங்குழல் ஒலிகள் என்று ஒரு பெரிய கூட்டத்தையே திரட்டினார். பழைய கம்ப்யூட்டர் அந்தக் கூட்டத்தைத் தாங்காமல் முதலில் கரகரத்தது, பிறகு திரையோடு உறைந்து நின்றது. புதுசு வாங்கியே ஆக வேண்டும். கையில் இருந்ததற்கு இரண்டில் ஒன்றுதான் முடியும். வேகமான ப்ராசஸர் போட்டு மெமரியைச் சுருக்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மெமரியைத் தாராளமாகப் போட்டு ப்ராசஸரைச் சுமாராக எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. காலையில் ப்ராசஸர் என்பார். குளித்துவிட்டு வரும்போது மெமரி என்பார். துண்டோடு ஈரக்கால் பதித்து நேரே கம்ப்யூட்டர் முன் போய் நின்று, யாரோ முன்பின் தெரியாதவர்கள் இணையத்தில் சண்டை போடுவதைப் படிப்பார். ஒருவன் ப்ராசஸர்தான் உயிர் என்று எழுதியிருந்தால் முகம் மலரும். அடுத்தவன் அவனை முட்டாள் என்று எழுதியிருந்தால் தொங்கிப்போகும். நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருக்கிறேன். மாமா பல் அடைக்க அங்கே வந்தவர், வாயைத் திறந்துவைத்தபடியே டாக்டரிடம் ப்ராசஸரா மெமரியா என்று கேட்டிருக்கிறார். டாக்டர் வலிக்கிறதாக்கும் என்று நினைத்து இன்னொரு ஊசி போட்டுவிட்டார். அன்று மாலை வரை மாமா குழறிக் குழறி அதையே பேசிக்கொண்டிருந்தார்.

“என்னடி அது மெமரி மெமரின்னு?” என்று அம்மா கேட்டாள். அம்மாவும் நானும் மேல்மாடியில் இருக்கிறோம். சாப்பாடு கீழே அக்கா வீட்டில்தான்.

“ஞாபகம்மா. கம்ப்யூட்டருக்கு.”

“ஞாபகத்தைக் காசு கொடுத்து வாங்கப் போறாரா? நல்லது. வரும்போது முட்டை வாங்கிட்டு வாங்க மாப்பிள்ளைன்னு சொல்லி அனுப்பினேன். வெறுங்கையோட வந்து நிக்கிறாரு. முதல்ல தனக்குக் கொஞ்சம் வாங்கி வச்சுக்கச் சொல்லு.”

கடைக்கு மாமாவும் அக்காவும் போனார்கள். மாமா மனம் மாறி மாறித் திரும்பி வந்துவிடாமல் இருக்க நானும் ஒட்டிக்கொண்டேன். கடையில் பெரிய கண்ணாடி போட்ட ஒரு பெண். மாமா கேட்ட கேள்விகளையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “சார், மெமரிங்கிறது மேசை மாதிரி. பெரிசா இருந்தா எல்லா வாத்தியத்தையும் பரப்பி வச்சுக்கலாம். ப்ராசஸர் கை மாதிரி. வேகமா இருந்தா கேட்ட உடனே எடுத்துக் குடுக்கும். நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஆளை நிக்கவச்சுப் பாடவச்சு ரெக்கார்ட் பண்றது அதிகமா, இல்ல உள்ள இருக்கிற வாத்தியத்தை அடுக்கறது அதிகமா?”

“அடுக்கறதுதான். ஆள் வந்து பாடறதெல்லாம் எப்பவாவதுதான்” என்றார் மாமா.

அக்கா அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தாள், அவருடைய ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு. தினமும் அந்த அலமாரிக்குள் நின்று பாடுகிறவள். ஹெல்மெட்டின் வாரை இழுத்து இழுத்து விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. மாமாவின் முதுகில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. அதற்குள் பில் போட்டாகிவிட்டது. மெமரி.

புதுக் கம்ப்யூட்டர் வந்த அன்று மாமா எங்கள் எல்லோரையும் பின்னறையில் கூட்டிவைத்து வயலின் கூட்டத்தை எழுப்பினார். அறை அதிர்ந்தது. எனக்கே புல்லரித்தது, பொய் சொல்லக் கூடாது. நடுவில் மட்டும் மெல்லிசாகக் கரகரவென்றது. “அதொண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டு, திரையின் மூலையில் ஏதோ ஒரு எண்ணைக் கூட்டினார். கரகரப்பு நின்றது. “பார்த்தீங்களா அத்தை?” என்று அம்மாவைப் பார்த்தார். அம்மா, “முட்டை?” என்றாள்.

மறுநாளே அக்காவைப் பாடவைத்தார். முன்பு டைரக்டரிடம் போயிருந்தது வெறும் மாதிரிப் பாட்டு, இப்போது பாடுவதுதான் டிவியில் வரப்போவது. அக்கா காலையிலிருந்து வெந்நீராகக் குடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது படிக்கட்டிலேயே எனக்குக் கேட்டது. “ஒன்ஸ் மோர்.” கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. ஆனால் வழக்கமாக முன்னால் ஒரு ‘நல்லா இருக்கு’ வரும். அது வரவில்லை.

“இழுக்கிற நீ. தாளத்துக்குப் பின்னாடி வர்ற” என்றார் மாமா.

“சரியாத்தாங்க பாடறேன்.”

“இங்க வந்து திரையைப் பாரு, தாளக் கோடு எங்க இருக்கு, நீ எங்க நிக்கிற? ஹெட்ஃபோனை ரெண்டு காதுலயும் அழுத்தி மாட்டு. ஒரு காதைத் திறந்து வைக்கிற பழக்கம்லாம் வேண்டாம். டிக் டிக் சத்தம் மைக்குல விழுந்துடும்.”

பாடுகிறவர்களில் பாதிப்பேருக்கு அந்தப் பழக்கம் உண்டு. ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து நழுவவிட்டு, தாளத்தை ஒரு காதிலும் தன் சொந்தக் குரலை மறு காதிலுமாகக் கேட்பார்கள். தாளத்துக்காக உள்ளே ஓடும் ‘டிக் டிக்’ திறந்த பக்கமாகக் கசியும் என்று மாமாவுக்கு அதைக் கண்டால் ஆகாது. ட்ராக் என்றால் எப்படியும் அழியப்போகிறது, கண்டுகொள்ள மாட்டார். இது நிலைக்கப்போகிற பாட்டு. அக்கா இரண்டு காதையும் அழுத்தி மூடிக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க இதே கூத்து. பாடப் பாட அக்கா பின்தங்கினாள். மாமா அறைக்கும் கூடத்துக்குமாக நடந்தார். கத்தவில்லை, கத்தியிருந்தால் கூடத் தேவலை. “வயசாகுது போல” என்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

மாமாவின் பரபரப்பு இப்போது அவளையும் பிடித்துக்கொண்டது. அடுப்பு முன்னால் நின்று தொடையில் தட்டிப் பார்ப்பாள். சுவர்க்கடிகாரத்தோடு சேர்ந்து மூடியில் கரண்டியால் தட்டுவாள். நின்று கேட்டேன், கடிகாரம் தவறினாலும் அவள் தவறவில்லை. ஆனால் அவள் அதை நம்பவில்லை.

“உங்க ஆஸ்பத்திரி பக்கத்துல காது டாக்டர் இருக்காரா?” என்று கேட்டாள்.

“உனக்கு என்ன காதுக்கு?”

“தெரியலடி. எனக்கு என்னமோ ஆயிடுச்சு. பாடும்போது என் குரலே யாரோ பாடற மாதிரி இருக்கு. அதுக்காக நான் நின்னு நின்னு போறேன்.”

அந்த வார்த்தையை அன்றைக்கே பிடித்துக்கொண்டிருக்க வேண்டியவர் மாமா. அவருக்குத்தான் கேட்க நேரமில்லை. டைரக்டர் அவசரப்படுத்தினார். மாமா தயங்கித் தயங்கி, அக்காவுக்குத் தாளம் நிற்கவில்லை என்று சொல்லிவிட்டார். டைரக்டர் சும்மா இருப்பாரா? திங்கட்கிழமை ஒரு புதுப் பாடகி வந்து பாடுவதாக ஏற்பாடாகிவிட்டது. அவளுக்குக் கற்றுக்கொள்ள ஒரு ட்ராக் வேண்டும். யார் பாடுவது?

“நீதான் பாடணும்” என்று மாமா அக்காவிடம் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். அவர் முகத்தைக் கூட நிமிர்த்தவில்லை.

“பாடறேன்” என்றாள் அக்கா.

“பாடாத!” என்று நான் கத்தினேன். “அவருக்கு வேணும்னா அவரே பாடட்டும். இவ்வளவு நாள் அழிச்சது பத்தலையா?” அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் போய் அலமாரிக்குள் நின்றுகொண்டாள். போர்வைகளுக்கு நடுவில் அவள் முதுகு மட்டும் தெரிந்தது.

மாமா பட்டனைத் தட்டிவிட்டு, திங்கட்கிழமை வருகிறவளுக்கு வரிகளை அச்செடுக்கத் திரும்பிக்கொண்டார். “ட்ராக்தானே, சும்மா பாடு.”

அக்கா ஹெட்ஃபோனை மாட்டினாள். பிறகு பழைய பழக்கத்தில், ஒரு பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டாள். பாடினாள்.

எப்படிச் சொல்வது. எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் அந்தப் பாட்டு தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது எனக்கே தெரிந்தது. மாமாவின் கால் ஆட்டம் நின்றது. அக்கா கல்யாணத்திலிருந்து நான் பார்க்காத காட்சி அது. மெதுவாகத் திரும்பித் திரையைப் பார்த்தார். கோடுகள் எங்கே இருந்தனவோ, குரல் அங்கேயே நின்றிருந்தது.

“ஒன்ஸ் மோர்” என்றார். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

அக்கா மறுபடி பாடினாள். அதே மாதிரி, இம்மி பிசகவில்லை.

“இப்ப ரெண்டு காதையும் மூடிக்கிட்டுப் பாடு.”

மூடிக்கொண்டாள். இரண்டாவது வரியிலேயே பின்தங்கினாள். மாமாவின் கண் திரையின் மூலைக்கு, அவர் கூட்டி வைத்த அந்த எண்ணுக்குப் போனது. தலையில் கை வைத்துக்கொண்டார்.

பாடுகிறவர் குரல் மைக் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் போய், ஹெட்ஃபோன் வழியாக அவர் காதுக்கே திரும்பி வருகிறது. போய்த் திரும்ப எவ்வளவு அவகாசம் என்பதுதான் அந்த எண். குறைத்தால் கம்ப்யூட்டர் திணறிக் கரகரக்கும். கூட்டினால் கரகரப்பு போய்விடும், ஆனால் குரல் பிந்தி வரும். பிந்தி வருகிற தன் குரலுக்காகப் பாடுகிறவர் தன்னையறியாமல் காத்து நிற்பார். ஒரு காது திறந்திருந்தால் சொந்தக் குரல் அந்தக் கணமே நேராகக் கேட்டுவிடும், காத்து நிற்க வேண்டியதில்லை. இது மாமாவுக்குத் தெரியாததா? மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பாரே. பழைய கம்ப்யூட்டரில் யாரைப் பாடவைத்தாலும் முதலில் வாத்தியங்களை அணைத்து, எண்ணைக் குறைத்துவிட்டுத்தான் உட்காருவார். கை தானாகவே அங்கே போகும். புதுசு வந்ததும் கை போகவில்லை. புதுசு, மெமரி நிறைய இருக்கிறது, எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டார். வேகமான ப்ராசஸராக இருந்திருந்தால் எண்ணைக் கூட்ட வேண்டிய தேவையே வந்திருக்காது.

இதையெல்லாம் அவர் திக்கித் திணறிச் சொல்லி முடித்தபோது அக்கா அலமாரியிலிருந்து வெளியே வந்திருந்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

“அப்ப எனக்கு ஒண்ணும் ஆகலையா?”

“ஒண்ணும் ஆகல” என்றார் மாமா.

அக்கா தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். அழுதுகொண்டே மாமாவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். சத்தம் கேட்டு இறங்கி வந்த அம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னோம். “அவ்வளவு ஞாபகம் வாங்கி வச்சு, இதையா மறந்தீங்க மாப்பிள்ளை?” என்றாள். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “டைரக்டருக்கு ஃபோன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.”

மாமா போட்டார். “சார், தாளம் தப்பினது அவ இல்ல சார். நான்தான். அவ குரலை அவ காதுக்கே லேட்டா குடுத்துட்டு, அவளைக் குத்தம் சொல்லிட்டேன்.”

டைரக்டர் அலுத்துக்கொண்டார். “என்னங்க நீங்க, அந்தப் பொண்ணுக்கு வேற சொல்லியாச்சு... சரி, நான் பேசிக்கிறேன். பாட்டு இன்னிக்குச் சாயங்காலம் என் கைக்கு வரணும்.”

மாமாவுக்கு உயிர் வந்தது. காலும் ஆட ஆரம்பித்தது. “எண்ணைக் குறைச்சுட்டேன், வயலினையெல்லாம் அணைச்சுட்டேன். ரெண்டு காதையும் மாட்டிக்க. இப்ப ஜம்முனு வரும். ஒன்ஸ் மோர்!”

“முதல்ல பாடினேனே, அதை அனுப்புங்க” என்றாள் அக்கா.

“அது ட்ராக்குடி! ஒரு காதைத் திறந்து வச்சுப் பாடியிருக்க. டிக் டிக் உள்ள விழுந்திருக்கு. நல்லாக் கேட்டா தெரியும்.”

“தெரியட்டும்.”

“ஒரே ஒரு தடவை...”

“ஒன்ஸ் மோர் கிடையாது” என்று சொல்லிவிட்டு, ஹெட்ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். மாமா அந்த டிக் டிக்கை முடிந்தமட்டும் அமுக்கிப் பார்த்தார். முழுதாகப் போகவில்லை. சாயங்காலம் பாட்டு போய்ச் சேர்ந்தது.

தொடர் தொடங்கிய அன்று எல்லோரும் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மாமா மட்டும் நின்றுகொண்டு, அந்தக் கடைப் பெண்ணிடம் ப்ராசஸரை மட்டும் மாற்றித் தருவாளா என்று கேட்கலாமா வேண்டாமா என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு தொடங்கியது. வயலின் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அக்காவின் குரல் வந்தது. அடியில் மெல்லிசாக டிக் டிக். தெரிந்தவர்களுக்கு மட்டும் கேட்கும். மாமா ஒவ்வொரு டிக்குக்கும் கண்ணைச் சுருக்கினார். அக்கா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் அதே பாட்டு வந்தது. பக்கத்து வீட்டு டிவி. மாடியிலிருந்து ஒன்று, படிக்கட்டுக்குக் கீழிருந்து இன்னொன்று. வீட்டுக்கு வீடு கேபிள் பெட்டி வேறு, எல்லாமே எங்கள் டிவிக்குக் கொஞ்சம் கொஞ்சம் பிந்தி ஒலித்தன. ஒரே வரி, சுவர் சுவராக, ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

மாமா துள்ளிக் குதித்து வாசல் பக்கம் ஓடினார். “ஐயையோ, லேட்டா வருது! எல்லா வீட்லயும் லேட்டா வருது!”

அக்கா அசையவில்லை. சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“லேட்டா வந்தா வரட்டுங்க. வந்துடுச்சுல்ல” என்றாள்.